ஆறு குழிக் கல்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், ஈம் என்ற ஊருக்கும் ஸ்டோனி மிடில்டன் என்ற ஊருக்கும் நடுவே, மேய்ச்சல் சரிவில் ஒரு பாறாங்கல் கிடக்கிறது. அதன் முதுகில் ஆறு குழிகள். பல்லாங்குழி செதுக்க உட்கார்ந்தவர் பாதிகூட முடிக்காமல் எழுந்து போய்விட்டதுபோல் இருக்கும். இன்று அந்தக் குழிகளில் மழைத்தண்ணீரும், பார்க்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் சில்லறையும் கிடக்கின்றன. 1666ஆம் ஆண்டுக் கோடையில் அவற்றில் வினிகர் இருந்தது என்பது ஊர் வழக்கு. வினிகருக்குள் காசு. வெளியூர்க்காரர்கள் வந்து காசை எடுத்துக்கொண்டு, ரொட்டியும் இறைச்சியும் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கண்மறைந்த பிறகுதான் ஈம்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘எயாம்’ என்று வரும். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஈம்’. தமிழ்க் காதுக்கு ஈமச் சடங்கு நினைவுக்கு வருவது வெறும் தற்செயல். ஆனாலும் அந்தப் பதினான்கு மாதக் கதையைப் படித்த பிறகு, அந்தத் தற்செயலை என்னால் காதிலிருந்து விலக்க முடியவில்லை.

கதை ஒரு துணிமூட்டையில் தொடங்குகிறது. 1665 கோடையின் முடிவில் லண்டனிலிருந்து ஊர்த் தையல்காரருக்குத் துணி வந்தது. அப்போது லண்டனில் பிளேக். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அந்நகரின் சாவுப் பட்டியல்களில் பிளேக் கணக்கில் ஏறியவர்கள் 68,596 பேர். ஈரமாக இருந்த துணியை ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் அடுப்பருகே விரித்துக் காயவைத்தார். சில நாளில் காய்ச்சல், நெறிகட்டு. செப்டம்பர் 7ஆம் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் சாவு எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது.

துணிக்குள் இருந்தது தெள்ளுப்பூச்சி என்பதே இன்றுவரை சொல்லப்படும் விளக்கம். அந்தப் பூச்சியின் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளேக் நோயாளியின் அல்லது எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளுக்குள் கிருமி பெருகுகிறது. பெருகிப் பெருகி, பசைபோன்ற ஒரு படலத்தைச் சுரந்து, தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள வாயிலை அடைத்துவிடுகிறது. இப்போது தெள்ளு எவ்வளவு குடித்தாலும் ஒரு துளி உள்ளே இறங்காது. பசி தலைக்கேறி, கிடைத்த உடம்பையெல்லாம் கடிக்கும். உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதி, கிருமியையும் வாரிக்கொண்டு, கடிபட்ட இடத்துக்கே திரும்பிப் பாயும். கிருமிக்கு மூளை கிடையாது, திட்டம் கிடையாது. ஆனாலும் தன்னைச் சுமக்கும் பூச்சியைப் பட்டினி போட்டு ஊர் ஊராக விரட்டும் ஏற்பாடு அதனிடம் இருக்கிறது. அடைப்பு இருப்பதை 1914இல்தான் லிஸ்டர் நிறுவனத்தில் பாக்கட், மார்ட்டின் என்ற இருவர் கண்டார்கள். கிருமியை எர்சின் என்பவர் ஹாங்காங்கில் கண்டது 1894. எலித்தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று சிமோன் என்பவர் கராச்சியில் ஒரு விடுதி அறையில் கண்ணாடிச் சாடியும் எலிகளுமாகச் சோதித்துக் காட்டியது 1898. ஈம் மக்களுக்கு இதில் எதுவும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். தெய்வக் குற்றம் என்றார்கள்.

குளிர்காலத்தில் சாவு குறைந்தது. போய்விட்டது என்று மூச்சுவிட்டிருப்பார்கள். மே மாத நடுவில் மீண்டும் ஏறத் தொடங்கியது.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் உள்ளாட்சி என்பது அதன் திருச்சபைப் பங்கு. ஏழைகளுக்கு உதவி, பாதைப் பராமரிப்பு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதற்குள் அடக்கம். ஈமின் பங்குக் குரு வில்லியம் மாம்பசன் 28 வயது இளைஞர். ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அவரை ஊருக்குப் பிடிக்கவில்லை. ஊர் விரும்பியவர் பழைய குரு தாமஸ் ஸ்டான்லி. அரசர் ஆணைப்படியான வழிபாட்டு நூலை ஏற்க மறுத்ததால் 1662இல் பதவி இழந்த பியூரிட்டன் அவர். வேலை போன பிறகும் ஊர் எல்லையிலேயே குடியிருந்தார். இருவருக்கும் மதத்திலும் அரசியலிலும் ஏழாம் பொருத்தம். 1666 ஜூனில் இந்த இருவரும் சேர்ந்து ஊருக்கு முன்னால் நின்றார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான இடம் தெள்ளின் வயிறு அல்ல, இதுதான். கையில் அதிகாரம் இருந்தவரிடம் ஊரின் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை பெற்றிருந்தவரிடம் அதிகாரம் இல்லை. தனியாக நின்றிருந்தால் யார் பேச்சும் எடுபட்டிருக்காது.

அவர்கள் சொன்ன ஊர்க்கட்டுப்பாடு மூன்று. இறந்தவர்களைக் கோயில் கல்லறைக்குத் தூக்கி வர வேண்டாம். அவரவர் வீட்டுத் தோட்டத்திலோ வயலிலோ, குடும்பத்தாரே, உடனே புதைக்க வேண்டும். வழிபாடு கோயிலுக்குள் வேண்டாம். கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று நடத்தலாம். மூன்றாவது, யாரும் எல்லையைத் தாண்டி வெளியே போகக்கூடாது. யாரும் உள்ளே வரக்கூடாது.

மூன்றாவதைச் சொல்வதற்கு முன் மாம்பசன் ஒரு வேலை செய்திருந்தார். சில மைல் தள்ளி சாட்ஸ்வர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவிடம், ஊர் உள்ளேயே இருந்தால் உணவு வந்து சேருமா என்று கேட்டு உறுதி வாங்கியிருந்தார். பிரபு சொன்னபடி அனுப்பினார். ஊரின் தென்புறத்தில் குழிக்கல். வடக்கே ஓர் ஊற்று. ஊற்றில் காசைப் போட்டு ஓடும் நீரில் அலசவிடுவார்கள். இன்றும் அதற்கு மாம்பசன் கிணறு என்று பெயர்.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1604இல் நாடாளுமன்றம் பிளேக் சட்டம் ஒன்றை இயற்றியது. கொடுமையான சட்டம். நெறிகட்டோடு வெளியே சுற்றுகிறவரைத் தூக்கிலிடவும் இடம் தந்தது. நம் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். லண்டனில் பிளேக் வீட்டுக் கதவில் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். கூடவே பூட்டும், வாசலில் காவலாளியும். ஆனால் அதே சட்டம், நோய் கண்ட ஊரைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் இருப்பவர்களிடம் வரி வசூலித்து நோயாளிகளுக்குச் செலவிடவும் அதிகாரம் தந்தது. அதன் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், பிளேக் கண்டோருக்கு அறப்பணி நிவாரணமும் ஒழுங்குமுறையும் என்று வரும். பெயரில் நிவாரணம் முதலில், ஒழுங்கு பிறகு. நடைமுறையில் பூட்டு முந்திக்கொண்டது வேறு விஷயம். ஈம் அந்த வரிசையைச் சரியாக வைத்தது. முதலில் ரொட்டிக்கு ஏற்பாடு, பிறகு எல்லைக்கோடு.

இவற்றில் எது உண்மையில் பயன்பட்டது என்று இன்றைய அறிவியலிடம் கேட்டால், பதில் கலவையாக வருகிறது. வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் பல கிருமிகளைக் கொல்லும்தான். ஆனால் பிளேக் கிருமி காய்ந்த உலோகத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. காசு வழியாக நோய் பரவும் ஆபத்து முதலிலேயே மிகச் சிறிது. 2020இல் கொரோனா பயத்தில் ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி போட்டவர்களையும், கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தவர்களையும் (நானும் ஊறவைத்தேன்) நினைத்துக்கொள்கிறேன். ஆனால் வினிகருக்கு இன்னொரு வேலை இருந்தது. அது வெளியூர்க்காரரின் பயத்தைப் போக்கியது. பயம் போனால்தான் அவர் கல்லருகே வருவார். வந்தால்தான் ரொட்டி வரும்.

அடக்கம் பற்றிய விதி தவறான காரணத்துக்காகச் சொல்லப்பட்ட சரியான விதி. உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதைவிட்டு வெளியேறி, சூடுள்ள வேறு உடம்பைத் தேடும். உறவு, சுற்றம், பாடை தூக்குவோர் என்று பிணத்தைச் சுற்றி ஊரே கூடுவது அதற்கு விருந்து. அந்தக் கூட்டத்தை விதி கலைத்தது. ஆனால் அதன் மறுபக்கத்தைச் சுமந்தவர் எலிசபெத் ஹான்காக் என்ற பெண். 1666 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு குழந்தைகளையும், தானே குழி வெட்டி, தானே இழுத்துச் சென்று புதைத்தார். எதிர்க்குன்றிலிருந்து ஸ்டோனி மிடில்டன்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்கிறார்கள். அவருக்கு நோய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டு ஓர் ஆராய்ச்சியே நடந்தது. ஈம் குடும்பங்களின் வழித்தோன்றல்களிடம், எச்.ஐ.வி. கிருமியை உயிரணுவுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. அதுவே பிளேக்கிலிருந்தும் காத்தது என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின. 2004இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குப் பிளேக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். மற்ற எலிகளைப் போலவே அவையும் செத்தன. ஹான்காக் பிழைத்த காரணம் அவரோடு போய்விட்டது.

கணக்குக்கு வருவோம். இங்கே கதை எதிர்பாராத விதமாக இந்தியாவுக்குள் நுழைகிறது. ஆண்டர்சன் மெக்கென்றிக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மலேரியா புகழ் ரொனால்டு ராஸுடன் 1901இல் சியரா லியோன் சென்றவர். நோயைக் கணிதத்தால் பிடிக்கலாம் என்ற ஆசை ராஸிடமிருந்து அவருக்குத் தொற்றியது. பிறகு இமாசலத்துக் கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். எடின்பரோ திரும்பிய பின் அவருக்கு வாய்த்த கூட்டாளி வில்லியம் கெர்மாக், ஒரு வேதியியலர். 1924இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் 26 வயதில் இரண்டு கண்களையும் இழந்தவர். சமன்பாடுகளை மனத்துக்குள்ளேயே வைத்து நகர்த்துவார். இருவரும் 1927இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரே ஓர் ஊரின் வரைபடம் இருக்கிறது. பம்பாய்த் தீவில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரந்தோறும் பிளேக்கால் இறந்தவர்கள். மெல்ல ஏறி, வாரத்துக்கு ஏறத்தாழ 900 சாவு என்ற உச்சியைத் தொட்டு, மெல்ல இறங்கும் மணி வடிவக் கோடு. சமன்பாடு போட்ட கோடு அந்தப் புள்ளிகளை ஒட்டியே போனது.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. கொள்ளைநோய் ஏன் நிற்கிறது? கடைசி ஆள்வரை பிடித்துத் தீர்த்த பிறகா, கிருமி களைத்துப்போய்விட்டதாலா? இரண்டும் இல்லை. ஊரை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்னும் நோய் வராதவர்கள், நோயில் இருப்பவர்கள், விலகியவர்கள். பிழைத்தவரும் செத்தவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்; இருவரும் இனி நோயைப் பரப்பப் போவதில்லை. ஈவிரக்கமற்ற கணக்கு, ஆனால் வேலை செய்யும் கணக்கு. நோயாளி ஒருவர் விலகுவதற்குள் சராசரியாக ஒருவருக்கு மேல் தொற்றவைத்தால் நோய் ஏறும். ஒருவருக்குக் கீழே போனால் இறங்கும். நோய் வராதவர்கள் குறையக் குறைய, நோயாளியின் அருகில் ஏற்கெனவே விலகியவர்களே மிகுதியாக இருப்பார்கள். கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக எரியும்போது நடுவில் எரிந்து முடிந்த சாம்பல் மேடுகள் பெருகினால், தீ தாவ இடமின்றி அணையும். எரியாத கொட்டகைகள் சில மிஞ்சி நிற்கும். எவ்வளவு மிஞ்சும் என்பதையும் சமன்பாடு சொல்லும்.

வெளியே போகவும் வரவும் ஆளில்லாத ஊர், நாள்வாரியாக எழுதிவைத்த அடக்கப் பதிவேடு. இப்படி ஓர் இடம் கணிதவியலருக்குக் கிடைத்தால் விடுவாரா? 1982இல் ராகெட் என்பவர் ஈமின் இரண்டாம் அலையைச் சமன்பாட்டில் போட்டார். மே நடுவில் 261 பேர், அவர்களில் நோயாளிகள் 7. அக்டோபர் முடிவில் தப்பி நின்றவர்கள் 83. இந்த எண்களைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தால், ஒரு நோயாளி சராசரியாக ஒன்றரைப் பேருக்குச் சற்று மேல் தொற்றவைத்தார் என்று வருகிறது. பல கல்லூரிப் பாடநூல்களில் ஈம் ஏறியது இப்படித்தான். ஒரு மாணவர் காலைப் பொழுதில் முடித்துவிடும் பயிற்சிக் கணக்கு அது. ஆகஸ்டில் மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட சாவுகள் அந்தக் கோட்டின் உச்சிக்குள் அடங்கியிருக்கின்றன.

பாடநூல் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. ஊரில் 350 பேர் இருந்தார்கள் என்ற பழைய நம்பிக்கையின் மேல் கட்டியது அது. 2016இல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடெலோ என்ற இருவர் பதிவேட்டை மறுபடி அலசி, ஊரின் தொகை ஏறத்தாழ 700 என்று கண்டார்கள். நான்கில் மூன்று பங்கு அழிந்தது என்ற புகழ்பெற்ற செய்தி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று சுருங்கியது. அவர்கள் சொன்ன இரண்டாவது செய்திதான் பெரிது. தொற்றுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று எலியிடமிருந்து வரவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தவை. நுரையீரல் வழியாக இருமலில் வந்திருக்கலாம். மனித உடம்பில் வாழும் தெள்ளு, பேன் வழியாகவும் வந்திருக்கலாம்.

இது ஏன் பெரிது? எல்லைக்கோடு சரியா தவறா என்ற வழக்கின் தீர்ப்பே இதில்தான் தொங்குகிறது. நோய் எலியில் இருந்தால், மனிதரை எலியோடு அடைத்துவைப்பது கொலைக்குச் சமம். வீட்டைவிட்டு ஓடுவதே வழி. நம் நாட்டில் பிளேக் வந்தபோது மக்கள் செய்தது அதைத்தான். ஊரைக் காலி செய்துவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கினார்கள். அதிகாரிகளும் பிறகு அதையே பரிந்துரைத்தார்கள், ஏனென்றால் அது பலித்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. அம்மனின் பெயரிலேயே அந்த நாள்கள் தங்கிவிட்டன. ஆனால் நோய் மனிதரிடமே இருந்தால், ஓடுகிறவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிறார். ஈமில் பெரும்பங்கு அப்படித்தான் இருந்தது என்றால், கோடு போட்டது வெளியூருக்குச் சரி.

உள்ளூருக்கு? மாம்பசன் 1666 நவம்பரில் எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது: நோய் நுழைந்த குடும்பங்கள் 76, சாவு 259. வகுத்தால் வீட்டுக்கு மூன்று பேருக்கு மேல். நோய் ஊர் முழுக்கச் சீராகப் பரவவில்லை. நுழைந்த கூரையின் கீழேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஊரைச் சுற்றிக் கோடு இருந்தது, வீட்டுக்குள் கோடு இல்லை. நோய் கண்டவரைத் தனிக் குடிசையில் வைக்கவும், மற்றவரைப் பள்ளத்தாக்கில் பரவலாகத் தங்கவைக்கவும் முடிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம். சிலர் தாமாகவே அப்படிக் குடிசை போட்டுக்கொண்டு போனதாகவும் ஊர் வழக்கு சொல்கிறது.

காப்பாற்றப்பட்டவர்களை எண்ண வழியில்லை என்பதுதான் இந்த வகைக் கணக்கின் சாபம். ஈமின் சாவுகளுக்குப் பதிவேடு இருக்கிறது. அருகிலுள்ள ஷெஃபீல்டிலும் பேக்வெல்லிலும் அந்தக் கோடையில் நடக்காமல் போன சாவுகளுக்குப் பதிவேடு எங்கே?

கதையை அப்படியே விழுங்க வேண்டாம் என்று எச்சரிக்கும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். வீரத்தியாகக் கதையாக இது வளர்ந்தது அடுத்தடுத்த நூற்றாண்டுகளில், கவிஞர்கள் கையிலும் ஊர் வரலாறு எழுதியவர்கள் கையிலும். அக்காலத்துச் சான்று என்று கையிலிருப்பது முக்கியமாக மாம்பசனின் மூன்று கடிதங்களும் பதிவேடும்தான். வசதி உள்ளவர்கள் சிலர் முன்பே வெளியேறியிருந்தார்கள். மாம்பசனே தம் இரண்டு குழந்தைகளை முன்கூட்டி யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டிருந்தார். அவர் மனைவி கேதரின் மட்டும் போக மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 25ஆம் தேதி இறந்தார். எல்லோரும் மனமுவந்து நின்றார்களா, போக இடமில்லாமல் நின்றார்களா? பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போன ஈம் பெண் ஒருத்தியை அடையாளம் கண்டு கல்லெறிந்து துரத்தினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. மனமும் கட்டாயமும் கலந்துதான் இருந்திருக்கும். பாதி மனமும் பாதி வழியின்மையுமாகத்தான் எந்த ஊரடங்கும் நடக்கிறது.

ஆனால் ஆயுதம் ஏந்திய காவல் இல்லாமல் அது நடந்தது என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்மறைச் சான்று நம்மிடமே இருக்கிறது. 1897இல் புனேயில் பிளேக் குழுவின் தலைவராக இருந்த ராண்ட், சிப்பாய்களை வீடுவீடாக அனுப்பினார். சமையலறைக்குள்ளும் பூஜையறைக்குள்ளும் பூட்ஸ் காலோடு புகுந்தார்கள். பெண்களை வெளியே இழுத்து உடம்பைச் சோதித்தார்கள். மருத்துவ நோக்கில் ராண்டின் திட்டத்தில் நியாயமான பகுதிகளும் உண்டு. ஆனாலும் மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், பிணத்தை ஒளித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 22ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அவர் காலத்தில் வந்த 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம்தான், 2020இலும் நம் மாநில அரசுகளின் கையில் இருந்தது. இரண்டே பக்கச் சட்டம். அதில் அதிகாரம் உண்டு, தண்டனை உண்டு. ரொட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1666 நவம்பர் முதல் தேதியோடு ஈமில் பிளேக் சாவு நின்றது. மிஞ்சியவர்கள் படுக்கையையும் துணியையும் குவித்து எரித்தார்கள். தெள்ளைப் பற்றி ஒன்றும் அறியாமலே கடைசியாகச் செய்த மிகச் சரியான வேலை அது. ஸ்டான்லி 1670இல் அங்கேயே இறந்தார்.

மாம்பசன் சில ஆண்டுகளில் நாட்டிங்காம்ஷயரிலுள்ள ஈக்ரிங் என்ற ஊருக்குக் குருவாக மாற்றலாகிப் போனார். ஈமிலிருந்து வருகிறார் என்று கேட்டதும் அந்த ஊர் மிரண்டது. ஊருக்குள் வரவேண்டாம் என்றார்கள். கொஞ்ச காலம் அவர் ஊருக்கு வெளியே, ரஃபோர்டு பூங்காவில் ஒரு குடிசையில் தங்கினார். வழிபாட்டை ஒரு மரத்தடியில் நின்று நடத்தினார். மக்கள் தள்ளி நின்று கேட்டார்கள்.